மூக்கை விடுங்க, பந்தைப் பாருங்க: சேலம் – ஏற்காடு பயணக் குறிப்புகள்

வெள்ளி, சேலம்

ரயிலை விட்டு இறங்கியதுமே வேலையில் இருக்கும் ஒரு மோப்ப நாயைப் பார்க்கக் கிடைத்தது. ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்து வரும் வண்டிகளில் கஞ்சா பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருவதுதான். சேலம் ஜங்ஷன் நடைமேடையில் ரயில்வே பாதுகாப்புப் படையின் லாப்ரடார் ஒன்று பெட்டி பெட்டியாக மோந்துகொண்டே போனது. யாருடைய முகத்தையும் அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிஸ்கட் நீட்டிய குழந்தையையும் கண்டுகொள்ளவில்லை. காப்பி வாங்கியதைக்கூட மறந்து நின்றுவிட்டேன். இந்தப் பயணமே நாய்களைப் பார்க்கத்தான்.

மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் ராணுவத்தின் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மீரட்டில் பயிற்சி எடுத்தவர். இப்போது கன்னங்குறிச்சி பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் நாய்க் கொட்டகை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும் அப்படியே. போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: எந்த ஜாதி நாய்க்கு மூக்கு நல்லா இருக்கும்?

“மூக்கு எல்லா நாய்க்கும் இருக்குதுங்க தம்பி. விடாம தேடணும்ங்கிற வெறிதான் எல்லாத்துக்கும் இருக்காது. மூக்கை விடுங்க, பந்தைப் பாருங்க” என்றார்.

மூக்கின் கணக்கு பெரியதுதான். நமக்கு மணம் உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது, முப்பது கோடி. விநாடிக்கு ஐந்து தடவைபோல் மோக்கும். மோந்து விடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாக வெளியேறுவதால் முன்னால் இருக்கும் மணத்தைக் கலைக்காது. ஆனால் இதெல்லாம் தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் உண்டு. அப்படியானால் எதை வைத்துப் பொறுக்குவது?

மதியத்துக்குள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று மூன்று நாய்களைச் சோதிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். ராஜா என்ற ஜெர்மன் ஷெப்பர்டு, நடந்து வந்தாலே கூட்டம் கூடும் அழகு. மின்னல் என்ற சிப்பிப்பாறை. அப்புறம் பவானி, ஒரு வயது லாப்ரடார். பேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டில் சோபாவையும் செருப்புகளையும் கடித்துக் குதறி, ‘இதை வச்சிக்கிட்டு முடியல’ என்று அவர்களே விட்டுவிட்டுப் போன நாய்.

சோதனை ரொம்ப எளிமையானது. கயிற்றில் பிடித்துவைத்து, நாய் பார்க்கப் பார்க்க டென்னிஸ் பந்தை இடுப்பளவு புல்லுக்குள் எறிவார். உடனே விடமாட்டார். நாயை இரண்டு சுற்று சுற்றிக் குழப்பி, ஒரு நிமிஷம் காக்கவைத்து, அப்புறம்தான் அவிழ்ப்பார். கண்ணால் பார்த்தது அதற்குள் மறந்துபோயிருக்கும், மூக்கால்தான் தேடியாக வேண்டும். ராஜா கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரும்பி வந்து உரிமையாளர் முகத்தைப் பார்த்தது, ‘நீங்களே எடுத்துத் தாங்களேன்’ என்கிற பார்வை. மின்னல், பந்து உருளும்வரை பறந்தது. பந்து நின்றதும் ஆர்வமும் நின்றுவிட்டது. பவானி புல்லுக்குள் போனது, வெளியே வரவே இல்லை. அடுத்த தடவை மாஸ்டர் எறிவதுபோல் பாவனை செய்து பந்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இல்லாத பந்தை அது பத்து நிமிஷம் தேடியது. தண்ணீர் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே புல்லுக்குள் ஒரு பந்தைப் போட்டுவிட்டு வந்தார். தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை முதல் நாளே உடைந்துவிடக் கூடாதாம்.

அடுத்தது பயம். தகரத்தின் மேல் நடக்க வேண்டும், வழுக்கும் டைல்ஸில் ஓட வேண்டும், சந்து வழியே தரை தெரியும் இரும்புப் படிக்கட்டில் ஏற வேண்டும், இருட்டு அறைக்குள் நுழைய வேண்டும். பின்னால் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டார். திடுக்கிடுவது தப்பில்லை, எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதுதான் கணக்கு. பவானி துள்ளி விலகி, அடுத்த நொடியே திரும்பி வந்து தாம்பாளத்தை மோந்தது. ராஜா அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பேருந்து நிலையத்திலும் விமான நிலையத்திலும் தாம்பாளம் விழுந்துகொண்டேதான் இருக்கும் என்றார் மாஸ்டர். கடைசியில் இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே. லாப்ரடாருக்கும் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வரக்கூடியது. அதைப் பார்க்காமல் வருஷக்கணக்கில் உழைப்பைக் கொட்டக் கூடாது.

ஏழு வாரக் குட்டியிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்களே என்று கேட்டேன். குட்டியாக இருக்கும்போது செய்யும் சோதனை பெரிதானதும் அப்படியே பலிப்பதில்லை. பத்து மாதத்துக்கு மேல்தான் தொடுவேன் என்றார். வீட்டுக்கு ஆகாதது என்று ஒதுக்கியது இங்கே முதலில் தேர்வானதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மின்னலுக்காக ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தவே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்; நிற்கும் பந்து அதற்குப் பொருட்டே இல்லை. அதற்காக ‘நம்ம ஊர் நாய் மோப்பத்துக்கு லாயக்கில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2021-ல் ராணுவம் வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து கோவிட் தொற்றைச் சொல்லும் நாய்களை டெல்லியில் காட்டியபோது, காஸ்பர் என்ற காக்கர் ஸ்பானியலுடன் ஜெயா, மணி என்ற இரண்டு சிப்பிப்பாறைகளும் இருந்தன. அதே சமயம், ஊர்ப் பெருமைக்காக ஒரு நாயை வேலைக்கு எடுப்பதும் சரியில்லை. 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறையைப் பற்றிப் பேசிய பிறகு ‘நாட்டு நாயாகவே பழக்கிக் கொடுங்க’ என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்களாம். எந்த நாயாக இருந்தாலும் புல்லுக்குள் போய் வரட்டும் என்பதுதான் மாஸ்டரின் பதில்.

இரவு தட்டுவடை செட்டு. இரண்டு தட்டு சாப்பிட்டேன். அதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், இங்கே வேண்டாம்.

சனி, மலைப்பாதை

ஜூன் பிறந்தும் சேலத்து வெயில் குறையவில்லை. அதனால்தான் மாஸ்டர் பாதிப் பயிற்சியை மலைக்கு மாற்றிவிடுகிறார். நாகலூர் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவரின் காப்பித் தோட்டத்தில் பழைய களம் ஒன்றும் ஷெட்டும் இருக்கின்றன. குளிர்ச்சி நமக்குச் சொகுசு, நாய்க்கு வேலையே அதில்தான் இருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரைக்கும் நேரத்தில் ஒழுங்காக மோக்க முடியாது. வெயிலில் நின்று நாக்கைத் தொங்கப் போட்டிருக்கும் நாய் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டால் பெட்டியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் என்பதால் நாய்களுக்குக் காலையில் சாப்பாடு இல்லை. ஜீப்பின் பின்னால் பவானி, இன்னொரு கூண்டில் ஏற்கெனவே பாதி பழகிய துரை என்ற பெல்ஜியன் மாலினாய். கூடவே ஆத்தூரில் இருந்து ஒரு தம்பியும் வந்தார். மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துத் தேடவைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு செக்யூரிட்டி கம்பெனி ஒன்றில் சேரப் போகிறார். துரை அவர் பொறுப்பு.

களத்தில் வரிசையாக எவர்சில்வர் டப்பாக்கள், மூடியில் ஓட்டை. ஒன்றில் மட்டும் கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சு. ஏன் கிராம்பு? தனியார் ஒருவர் ‘பயிற்சிக்கு’ என்று கஞ்சாவோ வெடிமருந்தோ வைத்திருந்தால் நேராக ஜெயில்தான். வெளிநாடுகளில் மோப்ப விளையாட்டுப் போட்டிகளிலேயே கிராம்பு, சோம்பு எண்ணெய்களைத்தான் வைக்கிறார்கள். தேடும் முறை பழகிவிட்டால் அப்புறம் எந்த மணத்தையும் அதன் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

பவானிக்கு இது முதல் பாடம். அது ஒவ்வொரு டப்பாவாக மோந்து வந்தது. கிராம்பு டப்பாவில் மூக்கு படும் அந்தக் கணத்தில், பின்னாலிருந்து மாஸ்டர் எறிந்த பந்து டப்பாவின் மேலேயே வந்து விழுந்தது. பந்து மாஸ்டரிடமிருந்து வருகிறது என்று நாய்க்குத் தெரியக் கூடாது. அந்த மணத்திலிருந்து வருகிறது என்று அது நினைக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால், தலையைத் தூக்கியதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். கொஞ்ச நேரத்திலேயே பவானி அந்த டப்பாவை விட்டு நகர மறுத்தது. அதோடு நிறுத்திவிட்டார். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே கூண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

துரை அடுத்த கட்டத்தில் இருந்தது. மணத்தைக் கண்டதும் உட்கார்ந்து, அசையாமல் டப்பாவையே முறைக்க வேண்டும். வெடிகுண்டு நாய்க்கு இது கட்டாயம். அது காலால் பறண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் பிடித்த பகுதி கையுறை. கிராம்பு டப்பாவை வைக்கும் கையுறையும் வெறும் டப்பாவை வைக்கும் கையுறையும் ஒன்றாக இருக்கக் கூடாது. கையுறையை மாற்றாமல் தொட்டால் எல்லா டப்பாவிலும் கிராம்பு ஒட்டிக்கொள்ளும். கிராம்பு டப்பாவை மட்டும் ஒருவர் அடிக்கடி தொட்டால், நாய் கிராம்பை விட்டுவிட்டு அவர் கையைத் தேட ஆரம்பித்துவிடும். புது டப்பா, புது செல்லோடேப், புது பிளாஸ்டிக் கவர் எல்லாமே நாய்க்குத் துப்புதான். அதனால் வெறும் டப்பாக்களிலும் வெறும் பஞ்சு, அதே டேப், சிலவற்றில் மிளகு, காப்பிக்கொட்டை, நாய் பிஸ்கட் எல்லாம் இருந்தன. நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைக்கிறோமோ அதை நாய் கற்றுக்கொள்வதில்லை. பந்து எதோடு சேர்ந்து வருகிறதோ அதைக் கற்றுக்கொள்கிறது.

ஞாயிறு, தோட்டத்துக்குள்

ஏரிப் பக்கம் கார் வரிசை நகரவில்லை என்றார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று டப்பா கிடையாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே, சில்வர் ஓக் மரத்தடியில் எங்கோ ஒளித்துவைத்த கிராம்பு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காப்பி, இன்று துரைக்குப் பரீட்சை ஹாலாக இருந்தது.

காலையில் சரிவின் மேல்பக்கம் ஒளித்த மணத்தைத் துரை கீழே இருந்தே பிடித்துவிட்டது. பத்தரை மணிக்கு அதே இடத்தில் வைத்தபோது கீழிருந்து எதுவுமே தெரியவில்லை. மேலே சுற்றிக்கொண்டு வந்துதான் கண்டுபிடித்தது. மலையில் இரவு குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே இறங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே கிளம்பும். மணம் காற்றோடுதான் போகும், பூஜையறையில் வைத்த சாம்பிராணி கூடத்தில் மணப்பதைப்போல, வைத்த இடம் ஒன்று, சேரும் இடம் ஒன்று. பள்ளங்களில் போய்த் தேங்கும். நாய் அங்கே பரபரப்பாகும், ஆனால் அங்கே பொருள் இருக்காது. தேடும் பகுதியின் எந்த ஓரத்தில் நாயை அவிழ்க்க வேண்டும் என்று முடிவு செய்வது நாய் பிடிப்பவரின் வேலை. மாஸ்டர் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் பவுடர் வைத்திருக்கிறார். அவிழ்க்கும் முன் ஒரு சிட்டிகை ஊதிக் காற்றைப் பார்க்கிறார்.

மணத்தின் ஓரத்தைத் தொட்டதும் துரையின் தலை வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்புகிறது. அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு குறுக்கும் முந்தியதைவிடச் சின்னதாக ஓடி, கடைசியில் உட்கார்கிறது. உட்காருவதைப் பார்க்க யாராலும் முடியும். தலை திரும்பியதைப் பார்க்கத் தெரிந்தவர்தான் வேலைக்கு ஆவார் என்கிறார் மாஸ்டர்.

நடுவில் கொஞ்சம் கலவரம். எஸ்டேட் ஓரத்தில் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. இரண்டு நாயையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, அது தானாக நகரும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். ஏற்காட்டுக்காரர்களுக்கு இது செய்தியே இல்லை.

சாயங்காலம் உண்ணி பொறுக்கும் வேலை. விரல் இடுக்கு, காது மடல் என்று ஒன்று விடாமல். உண்ணிக் காய்ச்சல் முற்றினால் மூக்கில் ரத்தமே வரும். மோப்ப நாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்! அதற்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையால் மூக்குக்குப் பெரிய பாதகம் இல்லை, ஆனால் வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் விஷயம் வேறு. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் வெடிமருந்து நாய்களுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மெட்ரோனிடசோல் சாப்பிட்ட 18 நாய்களில் 9-க்கு ஏதாவது ஒரு மணத்திலாவது மோப்பம் மந்தமாகியிருந்தது. நாய் வைத்திருப்பவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாஸ்டர் அந்த மாத்திரை கொடுக்க நேர்ந்தால் அந்த நாயை வேலைக்கு இறக்குவதில்லை.

திங்கள், ஷெட்

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான நாள் இதுதான்.

காலையில் மாஸ்டர் ஆத்தூர்த் தம்பியிடம், “ஏப்பா, ஷெட்டுல ஒண்ணு வச்சிருக்கேன், மூணாவது ஜன்னலாண்ட நல்லாப் பாரு” என்றார். தம்பி துரையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். முதல் இரண்டு ஜன்னல்களைத் துரை மோந்துவிட்டு நகர்ந்தது. மூன்றாவதில் தம்பியின் நடை கொஞ்சம் தளர்ந்தது, கயிறு கொஞ்சம் சுருங்கியது. துரை அவர் முகத்தை ஒருமுறை பார்த்தது. உட்கார்ந்தது. தம்பி பந்தை எறிந்தார்.

“அங்க ஒண்ணுமே இல்லையேப்பா” என்றார் மாஸ்டர்.

ஷெட் முழுக்கவே ஒன்றும் இல்லை. தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “அண்ணே, நான் ஒண்ணுமே சொல்லலையேண்ணே” என்று என்னிடம் வந்து முறையிட்டார். அவர் சொன்னது உண்மை, வாயால் ஒன்றும் சொல்லவில்லைதான்.

இது பழைய கதை. கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரையைக் கொண்டாடினார்கள். விடை வரும்வரை குளம்பால் தட்டும். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்டவர் தலை அவரை அறியாமலே லேசாக அசைந்திருக்கிறது. நாய்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றில் நாயும் அதைப் பிடிப்பவருமாக 18 ஜோடிகளை ஒரு தேவாலயத்தில் தேடவிட்டார்கள். எங்கும் எதையும் ஒளிக்கவில்லை, ஆனால் ஒளித்திருப்பதாகப் பிடிப்பவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான தேடல்களில் ‘நாய் காட்டிவிட்டது’ என்றே பதில் வந்தது.

யோசித்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நாய் உட்கார்ந்தால் ஒருவர் பையைக் கொட்டிச் சோதிப்பார்கள், ஒருவரைத் தனியறைக்குக் கூட்டிப்போவார்கள். அந்த நாய் மணத்துக்கு உட்கார்ந்ததா, போலீஸ்காரரின் சந்தேகத்துக்கு உட்கார்ந்ததா? என்னைக் கேட்டால், நாய் எத்தனை தடவை கண்டுபிடித்தது என்பதைவிட, ஒன்றும் இல்லாத இடத்தில் எத்தனை தடவை உட்காராமல் வந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நம் ஊர்ச் செய்திகளில் முதல் எண் மட்டும்தான் வரும்.

மாஸ்டரின் மருந்து அலுப்பூட்டுவது. ஒளிப்பவர் ஒருவர், அவர் அங்கே நிற்கவே கூடாது. நாய் பிடிப்பவருக்கு எத்தனை, எங்கே என்று தெரியாது. பல சுற்றுகள் வெறும் சுற்று. ஒன்றும் இல்லாமல் சுற்றி வந்த நாய்க்கு ‘சரி, போலாம்’ என்று சொல்லி வெளியே கூட்டிவந்து, வேறொரு சின்னத் தேடலில் பந்தைக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பந்துக்காகவே பொய்க்கு உட்காரப் பழகிவிடும். மதியம் ஒளிக்கும் வேலை எனக்கு வந்தது. ஒளித்துவிட்டு மாஸ்டர் சொன்னபடி ஜீப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். என் முகத்தைக்கூட நாய் படிக்குமாம். சாயங்காலத்துக்குள் தம்பியின் நடையில் மாற்றம் தெரிந்தது. எல்லா ஜன்னலிலும் ஒரே வேகம், கயிறு தொய்வாக. துரை இரண்டு வெறும் அறைகளைக் கடந்து வந்து, மூன்றாவதில் பழைய கதவுச் சட்டத்துக்குப் பின்னால் நான் செருகியிருந்ததைக் காட்டியது.

செவ்வாய், கிளம்பும் நாள்

எஸ்டேட்காரர் காலைக் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு வேறொரு கணக்கு. அரபிகா காப்பிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டின் பட்டையில் வண்டு முட்டையிடும், புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். தண்டில் வரிவரியாகப் புடைத்த பிறகுதான் ஆட்கள் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. “அதுக்கு முன்னாடியே நாய் சொல்லிடுமா மாஸ்டர்?”

கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும் அப்படி ஒன்றும் இல்லை. பேரீச்சை மரத்தைக் குடையும் சிவப்புக் கூன்வண்டை நாயை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இஸ்ரேலில் 2000-லேயே முயன்று எழுதியிருக்கிறார்கள். நம் தென்னையைக் குடைவதும் அதே வண்டுதான்.

மாஸ்டர் உடனே தலையாட்டவில்லை. நாய் எதை மோக்க வேண்டும்: புழுவையா, குடைந்த தூளையா, நோய்ப்பட்ட மரம் விடும் மணத்தையா? ஒரே தோட்டத்துப் பத்துத் தண்டுகளை வைத்துப் பழக்கினால் நாய் அந்தப் பத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பல தோட்டம், பல வயது, பல ரகம் வேண்டும். கூடவே புழு இல்லாத தண்டுகளும் அதே அளவு வேண்டும், அதே கத்தியால் வெட்டியவை. இல்லாவிட்டால் நாய் புதிதாக வெட்டிய மரத்துக்கே உட்காரும். அப்புறம் செலவு. அரை மணி தேடினால் ஓய்வு கொடுக்க வேண்டிய நாய், ஏக்கர் கணக்கில் நிற்கும் செடிகளுக்கு எப்படிக் கட்டும்? எனக்கும் அங்கேதான் இடிக்கிறது. முழுத் தோட்டத்துக்கு இது ஆகாது, ஆனால் போன வருஷம் புழு கண்ட நிழல் குறைந்த ஓரங்களில் மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

வண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு தடவை பறக்கும். முதல் பறப்பு இப்போதுதான் முடிந்திருக்கிறது. பிடுங்குகிற செடிகளை எரிக்காமல் எடுத்துவைக்கச் சொல்வதாக எஸ்டேட்காரர் ஒத்துக்கொண்டார். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பியபோதும் மாஸ்டர் விடவில்லை.

“நோய்ச் செடியை எடுக்கிற ஆளும் நல்ல செடியை எடுக்கிற ஆளும் வேற வேறயா இருக்கக் கூடாதுங்க. ஒரே ஆளு, ஒவ்வொண்ணுக்கும் புதுக் கையுறை. ரெண்டையும் ஒரே கோணியில மட்டும் போட்டுடாதீங்க.”